உள்ளேன் டீச்சர்

கேட்டிருப்பவர் ஒரு மகள். அப்பாவுக்கு 67 வயது. அம்மா தவறி ஒன்றரை வருடம் ஆகிறது. அதற்குள் அப்பாவுக்கு இரண்டு சிறுநீரகமும் போய், மூன்று மாதமாக டயாலிசிஸ். "அப்பா சிரித்து நான் பார்க்கவே இல்லை. பழைய நண்பர்கள் யாரும் வீட்டுக்கு வரக்கூடாது என்கிறார். பக்கத்துக் கட்டிலில் ஒரு முஸ்லிம் பெரியவர் அன்பாகத்தான் பேச்சுக் கொடுக்கிறார், அப்பா முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். கொஞ்சம் ஆசாரமானவர். இந்த வயதில் இனிமேல் புது நட்பு, சிரிப்பு இதெல்லாம் வருமா? நான் என்ன செய்யட்டும்?" என்பது கேள்வி.

வரும் அம்மா. ஏழு வருடமாக நானே டயாலிசிஸில்தான் இருக்கிறேன், அதனால் தைரியமாகச் சொல்கிறேன். ஆனால் நீங்கள் எதிர்பார்க்கிற வரிசையில் வராது. அப்பா முதலில் மனது தேறட்டும், பிறகு சிரிப்பார், பிறகு நாலு பேரோடு பழகுவார் என்று காத்திருக்கிறீர்கள். எங்களுக்கெல்லாம் தலைகீழாகத்தான் நடந்தது. ஒரே நேரத்தில் ஒரே ஆட்களோடு டயாலிசிஸ் கட்டிலில் போய்ப் படுத்தோம். நாளடைவில் ஒருவர் எடை கூடி வருகிற கிலோக்கணக்கு இன்னொருவருக்கு மனப்பாடம் ஆனது. அதை வைத்துச் சிரிப்பு வந்தது. மனது தேறியது கடைசியில்தான். அது எந்த வாரம் என்று கேட்டால் எங்களில் யாருக்கும் சொல்லத் தெரியாது.

என்னைப் பற்றிக் கொஞ்சம் சொன்னால்தான் மீதி புரியும். திருநெல்வேலி டவுன்காரன். தபால் துறையில் 36 வருடம் இருந்து சப் போஸ்ட்மாஸ்டராக ஓய்வு பெற்றேன். 2016-ல் மனைவி போய்விட்டாள். சர்க்கரை இருபது வருடமாக உண்டு. அதோடு முட்டுவலிக்கு மருந்துக்கடையில் கேட்டு வாங்கி விழுங்கிய வலி மாத்திரைகள். சர்க்கரை இருக்கிற உடம்பில் அந்த மாத்திரைகளை வருடக்கணக்கில் போட்டால் சிறுநீரகம் சீக்கிரம் கெடும் என்பது எனக்குத் தெரிய வந்தபோது, ரத்தத்தில் ஒன்றை ஒட்டி இருக்க வேண்டிய கிரியேட்டினின் 8-ஐத் தாண்டியிருந்தது. 2018 ஆடி மாதம், கழுத்தில் குழாய் போட்டு முதல் டயாலிசிஸ். அப்புறம் இடது கையில் ஃபிஸ்டுலா வைத்தார்கள், அதாவது ஊசி குத்துவதற்காக ஒரு தமனியையும் சிரையையும் இணைப்பது. ஆறே வாரத்தில் அது அடைத்துக்கொண்டது. காலையில் எழுந்து வழக்கம்போலக் கையைக் காதோடு வைத்துப் பார்த்தேன், அந்த 'உர்' என்ற ஓட்டம் இல்லை. அன்றைக்கு நான் அழுத மாதிரி மனைவி போனபோது கூட அழவில்லை. பிறகு வேறொன்று வைத்தார்கள். மகன் புனேயில். வீட்டில் பேச்சுத் துணைக்கு ரேடியோதான்.

முதல் மூன்று மாதம் நானும் உங்கள் அப்பாவைப் போல சுவரைப் பார்த்துத்தான் படுத்திருந்தேன். இதில் ஒன்றைப் பிரித்துப் பார்க்க வேண்டும். வாயில் எந்நேரமும் ஒரு கசப்பு, ராத்திரி முழுக்க அரிப்பு, காலை எங்கே வைப்பது என்று தெரியாத ஒரு குடைச்சல், நாலு படி ஏறினால் மூச்சு. இதெல்லாம் உடம்பு செய்கிற வேலை. இந்த நிலைமையில் இருக்கிறவரிடம் "சந்தோஷமா இருங்கப்பா" என்று சொன்னால் எரிச்சல்தான் வரும். அப்பாவுடைய ஹீமோகுளோபின் எவ்வளவு என்று கேளுங்கள். 10-லிருந்து 11.5-க்குள் இருந்தால் நல்லது. 7, 8 என்று கிடந்தால் அவர் முகம் எப்படிச் சிரிக்கும்? அதற்கு இரும்புச் சத்து ஊசி, ரத்தம் ஊற வைக்கிற எரித்ரோபாய்ட்டின் ஊசி எல்லாம் உண்டு. அரிப்புக்கும் தூக்கத்துக்கும் கூட டாக்டரிடம் வழி இருக்கிறது. இதைச் சரி செய்த பிறகும் சோறு இறங்கவில்லை, "இனிமே மெஷினுக்கு வர மாட்டேன், விட்டுடுங்க" என்று பேச்சு வந்தால், அது மனச்சோர்வாக இருக்கலாம். டயாலிசிஸ் செய்துகொள்பவர்களில் ஏறக்குறைய நாலில் ஒருவருக்கு அது வருகிறது. மனநல மருத்துவரிடம் கூட்டிப் போங்கள். போகத் தயங்கினால் 14416 என்ற டெலிமானஸ், அரசின் மனநல உதவி எண்ணில் தமிழிலேயே பேசலாம். நட்பும் சிரிப்பும் மருந்துக்குத் துணையாக நிற்கும். மருந்து வேலையை அதுகளிடம் கொடுக்கக் கூடாது.

சரி, இப்போது எங்கள் கதை.

டயாலிசிஸ் யூனிட்டில் எல்லாமே எடை மெஷினில்தான் தொடங்கும். போன தடவை முடிந்து இறங்கியபோது இருந்த எடைக்கும் இன்றைக்கும் எத்தனை கிலோ வித்தியாசமோ, கிட்டத்தட்ட அத்தனை லிட்டர் தண்ணீர் உடம்பில் ஏறியிருக்கிறது என்று அர்த்தம். இரண்டு கிலோ, மிஞ்சினால் இரண்டரைக்குள் இருக்க வேண்டும். எங்கள் எட்டுக் கட்டிலில் ஒரு இளைஞன் ஒரு நாள் நாலரைக் கிலோ கூடி வந்து நின்றான். டெக்னீஷியன் பெண் தலையில் கை வைத்துக்கொண்டாள். அவன் கூனிக்குறுகி நிற்கிறான். ஐந்தாம் நம்பர் கட்டிலிலிருந்து ஒரு குரல்: "தாமிரவருணில தண்ணி இறங்கிப்போச்சுன்னு பேப்பர்ல போட்டிருந்தான். நானும் மணல் லாரிக்காரனைத்தான் சந்தேகப்பட்டேன். தம்பி, நீதானா அது?"

அந்தப் பையன் சிரித்துவிட்டான். நானும் சிரித்தேன். சிரித்த பிறகுதான் நான் சிரித்தது எனக்கே தெரிந்தது. ஐந்தாம் நம்பர்க்காரர் திரும்பி, "நாலாம் நம்பர் அண்ணாச்சிக்குப் பல்லெல்லாம் இருக்கே!" என்றார்.

அவர் மேலப்பாளையத்துக்காரர். தொழில் பண்டாரி, கல்யாண வீட்டுச் சமையல்காரர். ஆயிரம் பேர் கல்யாணத்துக்கு அசராமல் தேக்சா அண்டாவை அடுப்பில் ஏற்றுகிற கை. உப்பும் தண்ணீரும் கறியும் அளந்து அளந்தே வாழ்ந்த மனுசனுக்கு உப்பும் தண்ணீரும் கறியும் அளந்து கொடுக்கிற வியாதி. மூன்றாம் நம்பரில் ஒரு டீச்சர், பாளையங்கோட்டையில் ஒரு மிஷன் பள்ளிக்கூடத்துத் தலைமையாசிரியை. ஊசிக்கோபுரம் கோயிலில்தான் ஞாயிற்றுக்கிழமை ஆராதனை. அவருடைய வீட்டுக்காரர் ஸ்கூட்டரில் கொண்டு வந்து விட்டுவிட்டு, முடிந்ததும் வந்து கூட்டிப் போவார். ஆறாம் நம்பரில் சேரன்மகாதேவிப் பக்கத்து விவசாயி, எங்களுக்கெல்லாம் மூத்தவர், பேச்சே கிடையாது.

எங்கள் வரிசை செவ்வாய், வியாழன், சனி, காலை ஆறரை ஷிஃப்ட். பாய்க்கு வெள்ளி ஜும்மா தப்பாது, டீச்சருக்கு ஞாயிறு ஆராதனை தப்பாது, எனக்குத் திங்களும் வெள்ளியும் நெல்லையப்பர் கோயிலுக்குப் போக முடியும். தற்செயலாக அமைந்ததுதான். ஆனால் நீங்கள் அப்பாவுக்குக் கேட்டு வாங்குங்கள்: அவர் கும்பிடுகிற நாள் கெடாத வரிசை, மாறாத ஷிஃப்ட், முடிந்தால் மாறாத கட்டில். ஒரு நாள் காலை, ஒரு நாள் ராத்திரி என்று மாறி மாறிப் போனால் யாருடைய முகமும் பழகாது.

இன்னொன்று. நாலு மணி நேரமும் அப்பாவின் கட்டிலருகே ஸ்டூல் போட்டு உட்காராதீர்கள். பாசம்தான், தெரிகிறது. ஆனால் மகள் பக்கத்தில் இருக்கிற வரை அவர் அப்பாவாகத்தான் படுத்திருப்பார். பக்கத்துக் கட்டில்காரருக்கும் பேச இடம் இருக்காது. ஊசி குத்தி மெஷின் ஓடத் தொடங்கியதும் வராந்தாவுக்குப் போய்விடுங்கள். அழைத்தால் கேட்கிற தூரம் போதும்.

ஊசி குத்துவது என்றேன். இரண்டு ஊசி, தையல் ஊசி மாதிரி இல்லை, நல்ல தடிமன். ஒன்றில் ரத்தம் வெளியே போகும், மற்றதில் திரும்பி வரும். நிமிடத்துக்கு 250, 300 மில்லி. குத்துகிற அந்த ஒரு நொடிக்கு ஏழு வருடம் ஆனாலும் உடம்பு பழகாது. டீச்சர் கண்ணை மூடி ஒரு சின்ன ஜெபம் சொல்வார், எங்களுக்கும் சேர்த்து. பாய் "பிஸ்மில்லாஹ்" என்பார். எனக்கு "முருகா" வந்துவிடும். டெக்னீஷியன் பெண் ஊசியைக் கையில் பிடித்துக்கொண்டு, "மூணு பேரும் சொல்லியாச்சா? யாரும் பாக்கி இல்லையே? குத்தட்டுமா?" என்று கேட்டுவிட்டுத்தான் குத்துவாள். ஒரு நாள் நான் ஏதோ நினைப்பில் சும்மா இருந்துவிட்டேன். பாய் அந்தப் பக்கமிருந்து, "அண்ணாச்சி இன்னும் முருகனைக் கூப்பிடல, நில்லும்மா" என்றார். அந்த வார்த்தை எனக்குள் என்ன செய்தது என்று இன்னும் என்னால் சரியாகச் சொல்ல முடியாது.

பெயர் கூப்பிடும் வழக்கம் டீச்சர் ஆரம்பித்தது. மெஷின் எல்லாம் ஓடத் தொடங்கியதும் படுத்தபடியே, "ஒண்ணு?" என்பார். முதல் கட்டிலிலிருந்து "உள்ளேன் டீச்சர்." "ரெண்டு?" "உள்ளேன் டீச்சர்." அறுபது எழுபது வயது ஆட்கள், கையில் குழாயோடு. முதலில் எனக்குக் கூச்சமாக இருந்தது. பத்து நாளில் என் நம்பர் எப்போது வரும் என்று காத்திருக்க ஆரம்பித்தேன். மனைவி போன பிறகு நான் வந்தேனா வரவில்லையா என்று கேட்க ஒரு ஆள் இல்லாமல் இருந்தது. நம் பெயரை ஒருவர் கூப்பிட்டு, நாம் பதில் சொல்லி, அவர் "ம்" என்று அடுத்த நம்பருக்குப் போவது எவ்வளவு பெரிய விஷயம் என்று தனியாக இருந்து பார்த்தவர்களுக்குத் தெரியும்.

கடைசி ஒரு மணி நேரத்தில் கெண்டைக்கால் இழுக்கும். தண்ணீரை வேகமாக எடுக்கும்போது அப்படி ஆகும். நரம்பைப் பிடித்து முறுக்கின மாதிரி வலி. டெக்னீஷியன் தண்ணீர் எடுக்கிற வேகத்தைக் குறைப்பாள், கொஞ்சம் சலைன் விடுவாள், பாதத்தை மேல்பக்கமாக மடக்கிப் பிடிப்பார்கள். அது அடங்குகிற வரைக்கும் ஒரு ஐந்து நிமிடம் இருக்கிறதே, அது ரொம்ப நீளம். எனக்கு இழுக்கும்போதெல்லாம் பாய் பிரியாணி போட ஆரம்பித்துவிடுவார். "அண்ணாச்சி, இங்க பாரும். சீரகச் சம்பா அம்பது கிலோ. களைஞ்சு ஊற வச்சாச்சு. விறகு நல்லாக் காய்ஞ்ச வேலம். தேக்சா சூடேறட்டும், அவசரப்படாதீரும்…" பட்டை, கிராம்பு, வெங்காயம் சிவக்கிற நிறம், தயிர் எப்போது, புதினா எப்போது என்று போவார். நான் சைவம், பிறந்ததிலிருந்து கறி தொட்டதில்லை. ஆனாலும் அந்தக் குரலைப் பிடித்துக்கொண்டே வலியைக் கடந்துவிடுவேன். கரெக்டாகத் தம் போட்டு மேலே கங்கு அள்ளி வைக்கிற நேரத்துக்குக் கால் விட்டுவிடும். "திறக்கலாமா?" என்பார். எட்டுக் கட்டிலும் "திறங்க பாய்" என்னும். எங்களில் ஒருத்தருக்கும் அதில் ஒரு வாய் சாப்பிட அனுமதி கிடையாது.

சாப்பாட்டு விஷயத்தில் அப்பாவுக்கு நீங்கள் துணையாக இருக்க வேண்டும். ஒரு நாளைக்குப் போகிற சிறுநீர் எவ்வளவோ அதோடு அரை லிட்டர், அவ்வளவுதான் தண்ணீர். ரசம், மோர், காப்பி எல்லாம் அந்தக் கணக்கில்தான். மெஷினோ ஒரு தடவைக்கு 120 லிட்டர் குடிக்கும். "நமக்கு டம்ளர், இதுக்கு டேங்க். வீட்டுக்கு மூத்த மாப்பிள்ளை மாதிரி கவனிக்காங்க" என்று பாய் அதைத் தட்டிக் கொடுப்பார். தண்ணீரை விட ஆபத்து பொட்டாசியம், அது ரொம்ப ஏறினால் இதயமே நின்றுவிடலாம். இளநீர், வாழைப்பழம், ஆரஞ்சு, பேரீச்சம்பழம், உலர்ந்த திராட்சை இதெல்லாம் விலக்கு. காயைப் பொடியாக நறுக்கி வெதுவெதுப்பான தண்ணீரில் ஊற வைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டுச் சமைக்க வேண்டும். உப்புக்குப் பதில் என்று கடையில் விற்கிற குறைந்த சோடிய உப்பை வாங்கிவிடாதீர்கள், அதில் சேர்ப்பதே பொட்டாசியம்தான்.

இதில் எங்கள் பண்டிகைகள் எல்லாம் மாட்டிக்கொண்டன. பழனியிலிருந்து எனக்கு வந்த பஞ்சாமிர்தத்தில் வாழைப்பழமும் பேரீச்சம்பழமும். நோன்பு திறக்கப் பேரீச்சம்பழம். கிறிஸ்துமஸ் கேக்கில் பிடி பிடியாகக் கிஸ்மிஸ். டீச்சர் ஒரு நாள் உணவுப் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு, "வேற எதில வேணும்னாலும் வித்தியாசம் இருக்கட்டும், பொட்டாசியத்துல மூணு மதமும் ஒத்துமைதான்" என்றார். டாக்டர் கூட நின்று சிரித்துவிட்டுப் போனார். அதன்பிறகு எங்களுக்குள் ஒரு வழக்கம் வந்தது. யார் வீட்டுப் பண்டிகைப் பலகாரமும் யூனிட்டுக்கு வரும். நர்ஸ்மார்களுக்கும் வராந்தாவில் காத்திருக்கிற வீட்டு ஆட்களுக்கும் போகும். எங்களுக்கு ஆளுக்கு ஒரு துணுக்கு, கட்டைவிரல் நகம் அளவு. கேக்கை டீச்சர் அந்த நக அளவுக்கு வெட்டுகிற அழகை நீங்கள் பார்க்க வேண்டும்.

2019-ல் ரமலான் மே மாதம், கத்திரி வெயிலில் வந்தது. டயாலிசிஸ் இல்லாத நாளில் பாய் யாருக்கும் சொல்லாமல் நோன்பு வைத்திருக்கிறார். நாள் முழுக்கத் தொண்டை காய்ந்து, சாயங்காலம் நோன்பு திறந்ததும் கஞ்சி, நன்னாரி சர்பத், பேரீச்சம்பழம். இரண்டு நாளில் நாலரைக் கிலோ. நடு ராத்திரி மூச்சுத் திணறி, அவசரமாக மெஷினில் போட்டார்கள். காலையில் நாங்கள் போனபோது ஆக்சிஜன் முகமூடிக்குள் கண் மட்டும் தெரிகிறது. பயத்தை விட அவருக்கு வருத்தம்தான் அதிகம். பன்னிரண்டு வயதிலிருந்து விடாத நோன்பு, இப்போது படைச்சவனுக்கு என்ன பதில் சொல்வேன் என்று.

டீச்சர் என்னைப் பார்த்து, "அண்ணாச்சி, இது டாக்டர் சொன்னாத் தீராது. அவங்க பள்ளிவாசல்ல கேட்டாத்தான் தீரும், நீங்க கூடப் போங்க" என்றார். அடுத்த நாள் நானும் பாயும் ஆட்டோவில் போனோம். பள்ளிவாசல் திண்ணையில் உட்கார்ந்து ஹஜ்ரத்திடம் அவர் கிரியேட்டினின் ரிப்போர்ட்டை நான்தான் வாசித்துக் காட்டினேன். ஹஜ்ரத் முழுக்கக் கேட்டுவிட்டு, நோயாளிக்கு நோன்பிலிருந்து சலுகை குர்ஆனிலேயே இருக்கிறது, இரண்டாவது அத்தியாயத்தில், இனிமேல் வைக்கவே முடியாத நிலை என்றால் ஒரு நோன்புக்கு ஒரு ஏழைக்குச் சாப்பாடு என்று ஃபித்யா கொடுத்துவிடும் என்றார். பாய் தலையைக் குனிந்தபடி, "நான் சோறு போடுறவன்தானே, அதையே கேட்டிருக்கான்" என்றார். ஃபித்யாவை ஹஜ்ரத் சொன்னபடி ஊரில் கொடுத்தார். அதற்கு மேல் தன் மனதுக்காக, அந்த மாதம் பூராவும் எங்கள் வராந்தாவில் சங்கரன்கோவில், அம்பாசமுத்திரம் என்று தூரத்திலிருந்து வந்து பசியோடு உட்கார்ந்திருக்கிற வீட்டு ஆட்களுக்குப் பொட்டலம் போட்டார். இன்றைக்கும் வருடா வருடம் ரமலானில் அது நடக்கிறது. யாருக்கு எத்தனை என்ற கணக்கு நோட்டு என் கையெழுத்தில்தான்.

அந்தத் திண்ணையில் உட்கார்ந்திருந்தபோது எனக்கு ஒன்று தெளிந்தது. பாய் தன் நோன்பை எவ்வளவு மதிக்கிறாரோ, அதே அளவுக்கு நான் சோமவார விரதம் இருக்க முடியாமல் போனதில் எனக்கும் துக்கம் இருந்தது. அதை மகனிடம் கூட நான் சொன்னதில்லை, "அதெல்லாம் இப்ப முக்கியமாப்பா" என்பான். பாயிடம் சொன்னேன். அவர் ஆறுதல் எதுவும் சொல்லவில்லை. "எத்தனை வருசம் இருந்தீரு?" என்று கேட்டார். "நாப்பது" என்றேன். "சும்மா இல்ல வே அது" என்றார். அன்றிலிருந்துதான் எங்களுக்குள், எங்கள் ஊரில் நெருக்கமானவர்களைக் கூப்பிடுகிற 'வே' வந்தது. உங்கள் அப்பா ஆசாரமானவர் என்று தயங்குகிறீர்கள். என் அனுபவத்தில் அது தடையே இல்லை. விரதம் என்றால் என்ன, அது கைவிட்டுப் போனால் எப்படி வலிக்கும் என்று அவருக்குப் புரிந்த மாதிரி யாருக்குப் புரியும்? பக்கத்துக் கட்டில் பெரியவருக்குத்தான் புரியும். அப்பா தன் ஆசாரத்தை ஒரு நூல் கூட விட வேண்டியதில்லை.

ஆறாம் நம்பர் பெரியவர் 2019 கார்த்திகையில் இறந்து போனார். வீட்டில், தூக்கத்தில். யூனிட்டில் அப்படி நடக்கும் அம்மா, நீங்களும் மனதைத் தயார் செய்துகொள்ளுங்கள், மறைத்துச் சொல்ல எனக்கு விருப்பமில்லை. அந்தச் சனிக்கிழமை கட்டில் காலியாக விரித்துக் கிடந்தது. டீச்சர் பெயர் கூப்பிடுவாரா மாட்டாரா என்று எல்லோரும் மெஷின் சத்தத்தைக் கேட்டபடி படுத்திருந்தோம். கூப்பிட்டார். ஒண்ணு, ரெண்டு, அவர் தன் நம்பரைத் தானே சொல்லி, நாலு, அஞ்சு. அப்புறம் பழக்கத்தில் "ஆறு?" என்று வந்துவிட்டது. சொன்ன பிறகு அவருக்குக் குரல் நின்றுவிட்டது. ஒரு நிமிடம் ஒருத்தரும் மூச்சு விடவில்லை. பாய் மெதுவாக, "அவரு லீவு லெட்டர் குடுத்துட்டாரு டீச்சர்" என்றார்.

டீச்சர் "சரி" என்றார். அப்புறம் சிரித்தார், சிரித்தபடியே அழுதார். நாங்கள் எல்லோருமே அப்படித்தான். வாழ்நாளில் பத்து வார்த்தை பேசாத அந்த மனுசனுக்கு அதைவிட மரியாதையாக யாரும் அஞ்சலி செய்திருக்க முடியாது என்று நினைக்கிறேன். நான் பாக்கெட்டில் வைத்திருந்த நெல்லையப்பர் திருநீறை அந்தத் தலையணையில் கொஞ்சம் வைத்தேன். டெக்னீஷியன் பெண் அன்று முழுக்க அதைத் துடைக்கவில்லை.

2020 மார்ச் கடைசியில் ஊரடங்கு. டயாலிசிஸுக்கு ஊரடங்கு கிடையாது, இரண்டு தடவை தவறினால் உயிருக்கு உத்தரவாதம் இல்லை. ஏப்ரல் தொடக்கத்தில் மேலப்பாளையத்தைத் தடுப்பு வைத்து அடைத்தார்கள். பாயை ஆம்புலன்ஸில் கொண்டு வந்து கடைசி ஷிஃப்டில் தனியாகப் போட்டார்கள். எங்கள் காலை ஷிஃப்டில் அஞ்சாம் நம்பர் காலி. டீச்சர் ஒன்று செய்தார். பெயர் கூப்பிடும்போது செல்போனை எடுத்து ஸ்பீக்கரில் போட்டு, "அஞ்சு?" என்பார். மேலப்பாளையத்திலிருந்து, "உள்ளேன் டீச்சர், வீட்டுக்குள்ளேயே உள்ளேன்" என்று வரும். அந்த நாட்களில் காற்றில் என்ன பேச்சு இருந்தது என்று உங்களுக்கு நினைவிருக்கும். அடைப்பு எடுத்து அவர் திரும்பி வந்த அன்று, புதிதாகச் சேர்ந்த ஒருவர், "அந்த ஏரியா ஆளைக் கொஞ்சம் தள்ளிப் போடுங்க" என்றார். டீச்சர் எடை மெஷினில் நின்றுகொண்டிருந்தார். திரும்பி, "சிஸ்டர், பாய்க்கு இந்தப் பக்கம் அண்ணாச்சி இருக்காரு. அந்தப் பக்கம் ஆறாம் நம்பர்ல என்னைப் போடுங்க" என்றார். பள்ளிக்கூடத்தில் எத்தனை வருடம் பேசியிருப்பாரோ அதே குரல். அதற்குமேல் யாரும் பேசவில்லை. ஆட்சேபம் சொன்ன அந்த மனிதர் இப்போது பாயின் பிரியாணிக்கு முதல் ஆளாக "திறங்க பாய்" என்கிறவர்.

போன வருடத்துக்கு முந்தின வருடம் பாய் பேத்திக்குக் கல்யாணம். மேலப்பாளையத்தில் சகன் சாப்பாடு. நாலைந்து பேர் ஒரே பெரிய தட்டைச் சுற்றி உட்கார்ந்து சாப்பிடுவது. நான் போய் வாழ்த்திவிட்டு வந்துவிடலாம் என்றுதான் போனேன். பாய் என் கையைப் பிடித்துக்கொண்டு சமையல் பந்தலுக்குப் பின்னால் கூட்டிப் போனார். தனி அடுப்பு. அதில் ஒரு சின்னப் பாத்திரம். நெய்ச்சோறு, உப்பு பாதி. காரட்டும் பீன்ஸும் பொடியாக அரிந்து, ஊற வைத்து, தண்ணீரைக் கொட்டிவிட்டுச் செய்த குருமா. பாத்திரத்தைத் தூக்கி அடியைக் காட்டினார். கடை ஸ்டிக்கர் உரிக்காமல், விளிம்பு கருகி அப்படியே ஒட்டிக்கொண்டிருந்தது. "புதுசு வே. நீரு கேக்க மாட்டீரு, ஆனா மனசுல இருக்கும்லா. அதான் உரிக்காம வச்சிருந்தேன்" என்றார். அந்த நெய்ச்சோற்றைச் சகனில் கொட்டி, நான் ஒரு பக்கம், டீச்சரின் வீட்டுக்காரர் ஒரு பக்கம், பாய் ஒரு பக்கம். ஊருக்கே பிரியாணி ஓடிக்கொண்டிருக்கும்போது அவர்கள் இரண்டு பேரும் அன்று கறி தொடவில்லை.

எங்கள் ஊரில் ரசிகமணி டி.கே.சி. வீட்டு வட்டத்தொட்டியைப் பற்றிப் பெரியவர்கள் சொல்வார்கள், நண்பர்கள் கூடி உட்கார்ந்து கவிதையைச் சுவைத்துச் சுவைத்து நேரம் போவது தெரியாமல் இருந்த இடம். எனக்கு அந்தக் காலம் வாய்க்கவில்லை. எட்டுக் கட்டிலும் எட்டு மெஷினும் உள்ள இந்த அறை வாய்த்திருக்கிறது.

நீங்கள் கேட்ட "நான் என்ன செய்யட்டும்" என்பதில் ஒன்று பாக்கி. அப்பா ஓய்வுக்கு முன் என்ன வேலை பார்த்தார் என்று நீங்கள் எழுதவில்லை. எதுவாக இருந்தாலும் அதில் ஒரு துளி அந்த அறைக்குத் தேவைப்படும். எனக்கு அது ஃபாரம் நிரப்புவது. முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் பதிவு, ஓய்வூதிய உயிர்ச் சான்று, ஆதார் திருத்தம் என்று எட்டுக் கட்டிலுக்கும் நான்தான். ஃபிஸ்டுலா இல்லாத கையால் எழுதுவேன். "இதைக் கொஞ்சம் பாத்துச் சொல்லுங்க அண்ணாச்சி" என்று முதல் தடவை ஒருவர் தாளை நீட்டிய அன்றுதான், இனி நான் யாருக்கும் பாரம் மட்டும்தான் என்ற எண்ணம் கொஞ்சம் விலகியது. அப்பாவிடம் உற்சாகமூட்டிப் பேசுவதை விட, பக்கத்துக் கட்டில் பெரியவரின் வீட்டு ஆட்களிடம் நீங்கள் போய், "எங்க அப்பாவுக்கு இது நல்லாத் தெரியும், அவர்கிட்ட கேளுங்க" என்று ஒரு வார்த்தை சொல்லி வையுங்கள். மீதியை அவர்கள் பார்த்துக்கொள்வார்கள்.

ஒரு மாதம் கழித்து, வீட்டுக்குத் திரும்பும் வழியில் அப்பாவிடம் பேச்சோடு பேச்சாகக் கேட்டுப் பாருங்கள்: "பக்கத்துப் பெரியவர் இன்னிக்கு எத்தனை கிலோப்பா கூடி வந்தார்?" அவர் யோசிக்காமல் "ரெண்டே கால்" என்று சொன்னார் என்றால், அடுத்த தடவை வராந்தாவிலும் காத்திருக்க வேண்டாம். கீழே போய் ஒரு காப்பி குடித்துவிட்டு நிதானமாக வாருங்கள்.